கணினி பேசாமல் இருந்த பத்து விநாடி

அண்ணனுடைய மின்னஞ்சல் திறக்க மறுத்த காலையில் நான் பாடசாலை வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இங்க கொஞ்சம் வா. இவன் என்னமோ ஒரே பேச்சப் பேசிக்கிட்டு இருக்கான்."

இவன் என்றால் கணினி. அண்ணனுக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டுதான் அவர் கணினியில் வேலை செய்கிறார். மூக்கடைத்துக்கொண்ட ஓர் ஆண் குரல், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் வாசித்துக்கொண்டே போகும். அன்றைக்கு அது ஒரே வசனத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் திரையில் வாசித்துப் பார்த்தேன். உங்கள் உலாவி மிகப் பழையது, இதில் இந்தப் பக்கம் இனித் திறக்காது என்று எழுதியிருந்தது.

"பின்னேரம் வந்து பார்க்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அது சின்னக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் சீகிரியாப் பாறைக் கோட்டையில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் மங்கி, பிறகு நடுவும் போய்விட்டது. அதன்பின் உக்குவளைக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். சீகிரியாவில் அவருக்குத் தெரிந்த ஒரு சிங்கள அம்மா சிறிய விடுதி ஒன்று நடத்துகிறார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. வெளிநாட்டு விருந்தாளிகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை அண்ணன் எடுத்துக்கொண்டார். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும், எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் பாறையில் வெயில் சுடாது, இருட்டிய பிறகு யானை வரும் பாதை எது, எல்லாம் அவர் மனதில் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு கடிதம். அந்தக் கடிதங்கள்தான் அவரைக் காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, சட்டை போட வைத்தன. தொடுதிரைக் கைபேசியில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். விரல் எங்கே விழுகிறது என்று தெரியாத கண்ணாடியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பழைய பட்டன் போனுக்கே திரும்பிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். அந்தக் கணினி பழைய விண்டோஸில் ஓடுவது. அதற்குப் புதிய உலாவி கிடையாது. புதிய விண்டோஸ் போடலாமென்றால் அதை அந்தக் கணினி தாங்காது. இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை, கடிதம் எழுதி இடம் கேட்டிருந்த ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு விடுதி வாசலில் வந்து நின்றிருக்கிறது. அண்ணன் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை; தன் வேலையை என் போனில் நான் செய்வதற்கும் அவர் ஒத்துக்கொண்டிருக்கவில்லை. அறை எல்லாம் நிறைந்திருந்தது. விடுதிக்கார அம்மா அண்ணனுக்குப் போன் எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், மருமகளிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் "ஒரு பத்து நாள் பொறுங்க" என்று கேட்டுவிட்டு போனை மேசையில் வைத்தார். அதன்பின் அன்று முழுவதும் அவர் கணினிப் பக்கம் போகவில்லை.

மாத்தளை டவுனில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை பழுது பார்க்கக் கொடுத்த ஒரு கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சுத்தமாகத் திருப்பித் தந்தார்கள். பேசும் மென்பொருளும் போயிருந்தது. அதை மறுபடி போட்டு, அவருடைய குரலும் வேகமும் குறுக்குவிசைகளும் பழையபடி வரும் வரைக்கும் ஒன்பது நாள் அண்ணன் ஊமைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தொடுறதுன்னா நீ தொடு" என்றார். "வேற யாரும் கை வைக்க வேணாம்."

நான் பாடசாலை அலுவலகத்தில் வேலை செய்கிறவள். கடிதம் அடிப்பேன், வரவுப் பட்டியல் போடுவேன். கணினியின் வயிற்றுக்குள் கை விட்டதில்லை.

எங்கள் தெருமுனையில் போட்டோப் பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் வழி சொன்னார். பழைய விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே லினக்ஸ் போடலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம். கணினியைப் போடும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். இணையத்துக்குப் புதியது, பழகிய வேலைகளுக்குப் பழையது. லினக்ஸிலும் திரையை வாசிக்கும் மென்பொருள் உண்டு என்றார்.

"ஒண்டுக்கும் பயப்படாதீங்க தங்கச்சி. ஒரு எடத்துல மட்டும் கவனம். டிஸ்க் முழுக்க அழிக்கவா எண்டு கேக்கும். அதுல கை பட்டா எல்லாம் முடிஞ்சிச்சு."

பயப்படாதே என்றதை நான் அங்கேயே மறந்துவிட்டேன். கை பட்டால் முடிந்தது என்றது மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், போனில் வாசித்து வாசித்து ஒரு பயிற்சிக் கொப்பியில் படிமுறைகளை எழுதினேன். சிவப்புப் பேனையால் "இதைத் தொடாதே" என்று நாலு இடத்தில் எழுதினேன். அண்ணனின் கோப்புகள் எல்லாவற்றையும் பாடசாலை ஆசிரியை ஒருவரிடம் இரவல் வாங்கிய வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். எடுத்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசும் குரல் கோப்புகளின் பெயரை வாசிக்க வாசிக்க, "ம், அது இருக்கு... அதுவும் இருக்கு" என்று தலையாட்டினார். பார்வை இருந்த காலத்தில் எடுத்த படங்களும் அதில் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் இரண்டு தரம் பிரதி எடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். பின்னேரம் என்றால் மழையும் இடியும் வரும், கரண்ட் போகும். நானா தன் கடை யூ.பி.எஸ்ஸை எடுத்துத் தந்திருந்தார். கரண்ட் போனாலும் பத்து நிமிஷம் தாங்கும் என்றார்.

முதலில் பென் டிரைவிலிருந்து லினக்ஸை சும்மா ஓட்டிப் பார்க்கலாம், எதுவும் அழியாது என்று கொப்பியில் எழுதியிருந்தேன். ஓட்டினேன். மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் வாசிக்கும் மென்பொருள் வரும் என்றிருந்தது. அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து அதே மூக்கடைத்த குரல் வந்தது.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இது நம்ம ஆளுல்ல! இங்கயும் இவன்தானா?"

இரண்டிலும் ஒரே இலவசக் குரலைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சு அடுத்த திரையில் நின்றுவிட்டது. "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்று ஒரு தெரிவு வரும் என்று கொப்பியில் இருந்தது. வரவில்லை. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவு என்பதுதான் முதலாவதாக, ஏற்கெனவே தெரிவு செய்யப்பட்டு, நீல வட்டத்தோடு நின்றது. நான் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

"ஒண்ணுமில்லன்னு நீ சொல்றப்ப சத்தம் மெலிஞ்சு போகுது. என்ன சொல்லு."

சொன்னேன். பக்கத்தில் விண்டோஸ் இருப்பது இதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் அழிக்கவா என்று மட்டும்தான் கேட்கிறது என்றேன். போனில் தேடினால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். விண்டோஸை முழுவதும் அணைக்காமல் உறக்கத்தில் விட்டிருந்தாலும் இப்படி வரும் என்ற இடத்தில் அண்ணன் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"நான் அணைக்கிறதே இல்லையே தங்கச்சி. அணைச்சுப் போட்டா எழும்ப மூணு நிமிஷம் எடுக்கும். அதுக்காக எப்பவும் தூங்கத்தான் வைப்பேன். நேத்தும் அப்படித்தான்."

வெளியே வந்து, விண்டோஸை எழுப்பி, அண்ணனையே விசைப்பலகையில் உட்கார வைத்து முழுவதும் அணைக்கச் சொன்னேன். மறுபடி பென் டிரைவ். மறுபடி அதே திரை. இந்தத் தடவை, பக்கத்தில் நிறுவு என்ற தெரிவு மேலே இருந்தது. நான் அதை அண்ணனுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். வாசிப்பதில் பிழை விட்டுவிடுவேனோ என்றிருந்தது. "சரி, அமத்து" என்றார். அமத்தினேன்.

டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கும்போது ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. பாதியில் மின்விசிறி வேகம் குறைந்து மறுபடி ஏறியது. யூ.பி.எஸ் ஒரு முறை கீச்சிட்டது. நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்று என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. அண்ணன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஓடுது, ஓடுது, நீ உக்காரு" என்றார். அந்த முக்கால் மணித்தியாலமும் அவர் கையை எடுக்கவில்லை.

முடிந்து, கணினி தானாக நின்று எழும்பியபோது கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. முதலில் லினக்ஸ், கடைசியில் விண்டோஸ். நான் கீழே இறக்கி விண்டோஸை அமத்தினேன். கொஞ்ச நேரத்தில் பழைய இசை ஒலித்தது. அண்ணன் கோப்புகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு லினக்ஸுக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தோம். திறக்காத கடிதங்கள் நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இருவருமாக அதில் பாதிக்குப் பதில் போட்டோம். விடுதிக்கார அம்மாவுக்குப் போன் செய்து சரியாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். நானாவின் யூ.பி.எஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அண்ணன் பாடசாலைக்குப் போன் எடுத்தார். என் வேலை நேரத்தில் அவர் எடுக்க மாட்டார்.

"போயிருச்சு தங்கச்சி" என்றார்.

"என்ன போயிருச்சு?"

"போட்டேன். பேசல. காத்துக்கிட்டு இருந்தேன். என்னென்னமோ அமத்திப் பாத்தேன். அமத்திப் பிடிச்சு அணைச்சுட்டு மறுபடியும் போட்டேன். மூணு தரம். ஒரு சத்தமும் இல்ல."

பவர் பட்டனை அமத்திப் பிடித்து அணைத்தேன் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தேன். அப்படிச் செய்தால் டிஸ்க் கெட்டுப் போகலாம் என்று கொப்பியில் சிவப்பில் எழுதியவள் நான்தான். அவருக்கு அதைச் சொல்லவில்லை. போனிலேயே வழி சொல்லப் பார்த்தேன். கீழ் அம்பை அமத்துங்க என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. மூன்றா, நாலா? எப்போது அமத்த வேண்டும் என்று கேட்டார். பட்டியல் வரும்போது என்றேன்.

"என்ன பட்டியல்?" என்றார் அண்ணன்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வருகிறது. பத்து விநாடி காத்திருக்கிறது. யாரும் தொடாவிட்டால் தானாக லினக்ஸுக்குள் போய், கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. அந்தப் பட்டியல் வரும் நேரம் வாசிக்கும் மென்பொருள் எதுவும் எழும்பியிருக்காது. அது சத்தமே இல்லாத திரை. கடவுச்சொல் கேட்கும் திரையில் பேச வைக்கலாம், நான் அதைச் செய்து வைக்கவில்லை. சனியும் ஞாயிறும் ஒவ்வொரு தடவையும் நானே பார்த்து நானே அமத்தினேன். அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்து, கதவைத் திறந்து வைத்தால் சொல்ல வேண்டும், நாற்காலியை நகர்த்தினால் சொல்ல வேண்டும் என்று பழகியவள் நான்.

பாடசாலை அதிபரிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். கண்டி பஸ் நிறைந்திருந்தது. நின்றுகொண்டே வந்தேன். மூன்று தரம் அமத்திப் பிடித்து அணைத்திருக்கிறார், எந்த நிலையில் அணைத்தாரோ, டிஸ்க் என்ன ஆனதோ என்று ஒரு பக்கம். அதைவிட, "போயிருச்சு" என்று அவர் சொன்ன விதம். கண் டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டுச் சொன்ன நாளில் வெளியே வந்து என்னிடம் அதே சொல்லைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது.

வீட்டுக்குள் போனபோது அண்ணன் கணினிக்கு முன்னால் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. லினக்ஸின் கடவுச்சொல் கட்டம், பிழையான கடவுச்சொல் என்ற எச்சரிக்கையோடு. நான் அவர் தோளைத் தொட்டுவிட்டு ஒழுங்காக அணைத்துப் போட்டேன். பட்டியல் வந்தது. விண்டோஸை அமத்தினேன். டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று எழுத்துகள் ஓடத் தொடங்கின. அது எனக்கு ஒன்றரை மணித்தியாலம் போல இருந்தது. உண்மையில் பன்னிரண்டு நிமிஷம். நான் ஓடுகிற எண்களை அவருக்கு வாசித்துக்கொண்டேயிருந்தேன், இந்தத் தடவை எதையும் மறைக்காமல். இசை ஒலித்தது. குரல் பேசியது.

அண்ணன் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"என் பிழைதான் அண்ணே" என்றேன். "அந்தப் பட்டியல் பேசாதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

"பேசலன்னா பரவாயில்ல. அது வந்திருக்குன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தார். "இந்த மாதிரிப் பழைய பெட்டிங்க போட்டவுடனே பீப்னு ஒரு சத்தம் போடும். உள்ளுக்குள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கு. பட்டியல் வர்ற நேரம் அத ஒரு தரம் கத்த வைக்க முடியாதா?"

முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேடிப் பார்த்தேன். முடியும். பட்டியலின் அமைப்புக் கோப்பில் அதற்கென்றே ஒரு வரி இருந்தது, முன்னால் ஒரு குறியிட்டு முடக்கப்பட்டிருந்தது. குறியை எடுத்துவிட்டால் போதும். புதிய கணினிகள் பலவற்றில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே இல்லையாம். அந்தக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பட்டியலே வராமல் போகலாம் என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். நான் கோப்பை முதலில் பிரதி எடுத்து வைத்தேன். குறியை அழித்தேன். அதே கோப்பில், யாரும் தொடாவிட்டால் விண்டோஸுக்கே போகும்படியும் மாற்றினேன். ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி அடித்தேன். அண்ணன் திருப்பிச் சொன்னார். கடவுச்சொல் திரையிலும் குரல் பேசும்படி வைத்தேன்.

அணைத்துப் போட்டோம். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூர்மையான பீப். அண்ணனின் விரல் மேல் அம்புக்குப் போனது. எத்தனை தரம் என்று இப்போது எண்ணி வைத்திருந்தோம். மூன்று தரம் அமத்தி, என்டர். சிறிது நேரத்தில் மூக்கடைத்த குரல் கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். அன்று பின்னேரம் பத்துத் தரமாவது அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பார். ஒரு தரம் எண்ணிக்கை பிசகி வேறு எதற்குள்ளோ போய்விட்டது. நான் முன்னால் வரப் போனேன். "இரு, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே திரும்பி வந்தார்.

விடுதிக் கடிதங்கள் அவரிடமே தொடர்ந்தன. புதியதில் குறுக்குவிசைகள் பழக அவருக்கு இரண்டு மாதம் எடுத்தது. இடையில் இரண்டு நாள் கோபத்தில் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் திரும்பவும் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் பயம் போகவில்லை. பாடசாலையில் பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தால் இப்போதும் கை நின்றுவிடுகிறது. லினக்ஸ் அடிக்கடி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். அதற்குச் சம்மதம் கொடுக்கும் வேலையை நான் சனிக்கிழமைகளுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். புதுப்பித்த பிறகு எழும்பாமல் போனவர்களின் கதைகளைத்தான் நான் தேடித் தேடி வாசித்திருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நாளைக்குச் சனிக்கிழமை, புதுப்பிக்க வேண்டும், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, நானாவிடம் மறுபடி யூ.பி.எஸ் கேட்கலாமா என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்தார்.

"அது நான் புதன்கிழமையே பண்ணிட்டேன்" என்றார். "நீ சும்மா பதறுவேன்னுதான் சொல்லல."